முகாம் சீட்டைத் தொலைக்காதீர்கள்: குமரி மாவட்டத்தில் இலவசப் பரிசோதனை, நலவாழ்வு வகுப்பு, ரத்த தானம், நன்கொடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் சமூக நலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். முகாம் நடக்கும் ஊர்களில் பெயர் பதிகிற மேஜைதான் என் இடம். டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் ஜனங்கள் அந்த மேஜையில்தான் கேட்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, நான் சொல்லும் பதில்களோடு இங்கே எழுதியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி நடத்தும் முகாமுக்குப் போனாலும் பெரும்பாலும் இவை பொருந்தும்.

இலவச முகாம் என்பதே ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கத்தானே?

சில இடங்களில் அப்படியும் நடக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஈ.சி.ஜி. எடுத்த எல்லோரிடமும் "நாளைக்கே வந்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துடுங்க" என்று சொல்லச் சொன்னார்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில்கூட எழுதித் தரவில்லை. இரண்டு முகாமுக்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

அதனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். உங்கள் பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று எண்களை எழுதி உங்கள் கையில் சீட்டு தருகிறார்களா? அதை எந்த டாக்டரிடமும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம் என்று சொல்கிறார்களா? சொன்னால் நல்ல முகாம். "இன்றைக்கே அட்மிட் ஆகணும்" என்று அவசரப்படுத்தினால், எதற்காக என்று எழுதி வாங்கிக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோவது போன்றவை மட்டும் விதிவிலக்கு. அப்போது யோசிக்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்த மாவட்டத்தில் தர்ம வைத்தியம் நேற்று வந்ததில்லை. 1838-லேயே லண்டன் மிஷனின் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே நெய்யூரில் வைத்தியம் தொடங்கிவிட்டார். 1922-ல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு வந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கியபின் நெய்யூருக்கு வந்து அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்தார். பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே அறுவை சிகிச்சை செய்தார். எங்கள் பாட்டிமார் அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சுகர் பார்க்க வெறும் வயிற்றில்தான் வரணுமா? ரப்பர் பால் வடிக்கப் போகிறவங்க என்ன செய்ய?

வெறும் வயிற்று சுகர் பார்க்க 8 மணி நேரமாவது எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சொல்வது எளிது. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நிற்கிறார்கள். தோவாளையில் பூ கட்டுகிறவர்களுக்கு விடிவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். ஒரு கட்டன் சாயா இல்லாமல் அந்த வேலையைத் தொடங்க முடியாது.

சரி, சாயா குடித்துவிட்டே வாருங்கள். ஆனால் குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். "வெறும் வயிறா?" என்று கேட்டால் திட்டுவாங்க என்று பயந்து பலர் தலையை ஆட்டிவிடுகிறார்கள். அப்புறம் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கும் விரலில் குத்தி ஒரு பரிசோதனை செய்யலாம். மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோயாக இருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முகாமில் விரல் நுனி ரத்தத்தை வைத்துப் பார்ப்பது ஒரு வடிகட்டல்தான். லேபில் கையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகுதான் நோய் என்று முடிவு செய்வார்கள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு எப்போது வசதி?

மீன்பிடித் தடைக்காலம்தான். நம் மாவட்டத்தில் இது இரண்டு உண்டு. சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்கு கிழக்குக் கடற்கரைத் தடை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைத் தடை, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். முகாம் நடத்துகிறவர்கள் இந்த நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டு தேதி வைத்தால் ஆண்களும் வருவார்கள். இல்லாவிட்டால் கடற்கரை ஊர் முகாமில் பெண்களும் முதியவர்களும் மட்டும்தான் இருப்பார்கள். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். அவர்களுக்கு மாத்திரை எழுதும்போது அத்தனை நாளுக்கும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

பிரஷர் வீட்டில் ஒன்று காட்டுகிறது, முகாமில் ஒன்று காட்டுகிறது. எதை நம்ப?

முதலில் எப்படிப் பார்த்தார்கள் என்று பாருங்கள். மீன் விற்றுவிட்டு வந்த ஓர் அக்கா, தலைச்சுமட்டைக் கீழே இறக்கி வைத்த கையோடு வரிசையில் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டினார். சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றினாள் புதிதாக வந்த பெண். மேல் எண் 162 காட்டியது. நான் அவரைச் சுவரோரம் முதுகு சாய்த்து உட்காரவைத்தேன். கால் இரண்டும் தரையில், பேச்சு இல்லாமல் ஐந்து நிமிஷம். அப்புறம் சட்டைக் கையை மேலே ஏற்றி, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பார்த்தால் 134. அதே கருவிதான், அதே அக்காதான்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன் காபி, டீ, பீடி வேண்டாம். மூத்திரம் முட்டிக்கொண்டு இருந்தால் போய்விட்டு வாருங்கள், அதுவும் எண்ணை ஏற்றும். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பொதுவாக ரத்த அழுத்த நோய் என்பார்கள். 180/120-ஐத் தாண்டி, தலைவலி, மங்கலான பார்வை, நெஞ்சுவலி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சீட்டில் 'அதிகம்' என்று எழுதியிருக்கிறது. அடுத்து என்ன?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சில வருஷத்துக்கு முன் கருங்கல் பக்கம் ஒரு முகாம். ஐம்பது வயது இருக்கும் ஒருவர், தச்சு வேலை. 168/104 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தோம். கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து அவரை டயாலிசிஸுக்குப் பதிய அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். முகம் வீங்கியிருந்தது. மனைவி பையைத் திறந்து, நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். மடிப்பில் மை மங்கியிருந்தாலும் என் கையெழுத்து தெரிந்தது. "அன்னைக்கு எழுதித் தந்தது இதாக்கும் சிஸ்டர். பஞ்சாங்கத்துக்குள்ளே பத்திரமா வச்சிருந்தாரு. பிறகு யாரும் ஒண்ணும் கேக்கல்லியே" என்றார்.

அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. ஆனால் அது உண்மை. நாங்கள் கேட்கவில்லை. எண்ணை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அன்றிலிருந்து சீட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இரண்டு வாரத்துக்குள் போன் போட்டு, "டாக்டரைப் பார்த்தாச்சா?" என்று கேட்கிறேன். பார்க்கவில்லை என்றால் மறுபடியும் கேட்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உங்களுக்குப் பழக்கமான டாக்டரிடமோ போங்கள். மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிரஷரோ சுகரோ உறுதியானால், கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய, அதே ரத்தத்தில் கிரியாட்டினினும், மூத்திரத்தில் புரதம் போகிறதா என்றும் பார்க்கக் கேளுங்கள். கிட்னி கெடுவது ரொம்ப நாள் வெளியே தெரியாது, வலிக்காது. அரசு நிலையங்களில் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை ஆரம்பித்தபின் எண் இறங்கிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். மாத்திரையால்தான் இறங்கியிருக்கிறது.

எனக்கு ஒரு சுகக்கேடும் இல்லையே, பின்னே எதுக்குப் பார்க்கணும்?

மேலே சொன்ன தச்சுக்காரருக்கும் அன்றைக்கு ஒரு சுகக்கேடும் இல்லை. 30 வயது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிரஷரும் சுகரும் பாருங்கள். அதே சமயம், தலை முதல் கால் வரை ஐம்பது அறுபது பரிசோதனை சேர்த்து 'முழு உடல் செக்கப்' என்று விற்பதை எல்லாம் வாங்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் வயது, வேலை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று கேட்டுவிட்டு டாக்டர் சொல்வதைச் செய்தால் போதும்.

பெண்களுக்கான கேன்சர் பரிசோதனையில் என்ன செய்வார்கள்? வலிக்குமா?

கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தொட்டு வைப்பார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம். ஒரு நிமிஷம் பொறுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கருவி வைக்கும்போது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும், சிலருக்கு லேசாக எரியும். மொத்தமே சில நிமிஷ வேலை. மாதவிலக்கு நாட்களில் வர வேண்டாம். அரசுத் திட்டத்தில் 30 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்கச் சொல்கிறார்கள். மார்பகத்தையும் அப்போதே கையால் தொட்டுப் பார்ப்பார்கள்.

பெண் டாக்டர் அல்லது நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கதவு பூட்டுகிற அறை இல்லாமல், திரைச்சீலை காற்றில் பறக்கிற இடத்தில் செய்தால் மறுத்துவிடுங்கள். அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) பெண்களிடம் நான் பார்த்தது, அவர்கள் வர மறுப்பதற்குப் பெரிய காரணம் வெட்கம்கூட இல்லை. ஒரு நாள் கூலி போகும். அதனால் இந்தப் பரிசோதனையை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வைத்துப் பார்த்தோம். பூசை, ஆராதனை எல்லாம் முடிந்து வந்தார்கள்.

வெள்ளைத் திட்டு என்று சொன்னாலே கேன்சர் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கேன்சராக மாறுவதற்கு முந்திய நிலையோ வெறும் புண்ணோதான். அந்த நிலையில் பிடித்தால் சின்ன சிகிச்சையோடு முடியும்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு வாய் பரிசோதனை அவசியமா?

கட்டாயம். புகையிலை மட்டும் இல்லை, பாக்கும் கேன்சர் வரவழைக்கும். வாய்க்குள் ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலோ, வெள்ளை சிவப்புத் திட்டு இருந்தாலோ, வாயை முன்போல் அகலத் திறக்க முடியாவிட்டாலோ முகாம் வரும் வரை காத்திருக்காதீர்கள்.

மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு இருக்கிறதே, நாங்கள் தனியாகப் பரிசோதனை செய்யணுமா?

அங்கே மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பது உண்மை, இயற்கையான கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம் என்பதும் உண்மை. இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை. கடற்கரை ஜனங்களின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு கதை கேட்டிருக்கிறேன். ஆனால் கதிர்வீச்சுக்கென்று முகாமில் செய்யக்கூடிய தனிப் பரிசோதனை எதுவும் கிடையாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைகளை ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். சந்தேகம் உறுதியானால் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற கேன்சர் ஆஸ்பத்திரி பழக்கமான வழிதான்.

கண் முகாமுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரலாமா?

வேண்டாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். கூட ஒருவர் வரட்டும். சுகர் உள்ளவர்கள் கண்ணாடிக்கு மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், சொட்டு விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். அதை வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

நலவாழ்வு வகுப்பு என்று போடுகிறீர்களே, அதில் என்ன சொல்லித் தருகிறீர்கள்?

ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். எங்களிடம் அதிகம் பேர் வருவது சாப்பாட்டு வகுப்புக்கு. "சோறு சாப்பிடாதே, கிழங்கு தொடாதே" என்று சொல்லி அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன் குழம்பும் இல்லாத வீடு இங்கே ஏது? அதனால் ஒரு தட்டை மேஜையில் வைத்துக் காட்டுகிறோம். பாதித் தட்டுக்கு கீரை, அவியல், தோரன். கால் தட்டுக்கு மீன் அல்லது பயறு. மிச்சம் கால் தட்டில் சோறோ கிழங்கோ, இரண்டில் ஒன்று. கிழங்கு வைத்த அன்றைக்குச் சோறு கிடையாது. இதைப் பார்த்ததும் "இவ்வளவு கொஞ்சமா?" என்று கேட்காத ஆள் இல்லை.

கருப்பட்டி பற்றி ஒவ்வொரு வகுப்பிலும் சண்டை வரும். கருப்பட்டிக் காபி என்றால் சுகருக்குக் கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அக்கானி என்கிற பதநீருக்கும் இதே பதில். மட்டி வாழைப்பழம் சின்னதாக இருந்தாலும் ஒன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்தது பாத வகுப்பு. எனக்கு மிகவும் பிடித்தது. நைலான் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய இழை இருக்கும், மோனோஃபிலமென்ட் என்று பெயர். கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலுக்கு அடியில் அது லேசாக வளையும் அளவுக்கு அழுத்துவோம். "தொடுறது தெரியுதா?" என்று கேட்டால், சிலர் "தொடுங்க சிஸ்டர்" என்பார்கள். தொட்டு முடித்திருப்போம். அவர்களுக்குக் காலில் முள் குத்தினாலும் தெரியாது. சிவராத்திரிக்குத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு வெறுங்காலில் ஓடுகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. சபரிமலைக்கும் வெறுங்காலில்தான் போகிறார்கள். உணர்ச்சி குறைந்த கால் என்றால் போவதற்கு முன் டாக்டரிடம் பேசுங்கள். போய் வந்ததும் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

முதலுதவி வகுப்பில் நெஞ்சை அழுத்தும் முறையைப் பொம்மையில் பழக்குகிறோம். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழம். ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்குப் பாம்புக்கடி தனியாக உண்டு. கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யோகா வகுப்பில் எல்லா மதத்தவரும் சேரலாமா?

சேரலாம். எங்கள் வகுப்பில் மூச்சுப் பயிற்சியும் உடலை வளைக்கும் பயிற்சியும் மட்டும்தான். மனம் ஒப்பாதவர்கள் அந்த நேரம் வளாகத்தைச் சுற்றி வேகமாக நடக்கலாம், பிரஷருக்கும் சுகருக்கும் அதுவும் நல்லது.

மனசு சரியில்லை என்றால் முகாமில் சொல்லலாமா?

சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வரிசையில் நிற்கும்போது சொல்ல முடியாது என்றால், "தனியா ஒரு விஷயம் பேசணும்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். 2017 நவம்பரில் ஒக்கி புயல் வந்தபின், கடலில் போனவர் திரும்பாத வீடுகளில் தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரஷர் பார்க்க என்றுதான் வருவார்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல ஆலோசனை) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

ரத்த தானம் யார் செய்யலாம்?

18 வயது முதல் 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருந்தால் செய்யலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள், இதற்கு வெறும் வயிறு கூடவே கூடாது. ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அதுவும் உங்களுக்குக் கிடைத்த ஒரு பரிசோதனைதான். ஏன் குறைந்தது என்று பாருங்கள்.

காப்பீட்டு அட்டை முகாமுக்குத் தேவையா?

முகாமுக்குத் தேவையில்லை. ஆனால் கண்டுபிடித்த நோய்க்கு அறுவை சிகிச்சையோ டயாலிசிஸோ வேண்டிவந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லாதவர்கள், சுகமாக இருக்கும்போதே கலெக்டர் ஆபீஸில் போய் எடுத்து வையுங்கள்.

நன்கொடை கொடுக்க விரும்புகிறேன். பணம் எங்கே போகும்?

கொடுப்பதற்கு முன் இந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். ரசீது கேளுங்கள், போன வருஷப் பணத்தில் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதிலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

நற்பணிக்கு என்று நடக்கும் ஓட்டப்பந்தயம், பனியன், மேடை, பொன்னாடை எல்லாம் சந்தோஷமான விஷயங்கள்தான். ஆனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். முகாமில் கண்டுபிடித்த நோயோடு ஒரு மூதாட்டி பேச்சிப்பாறையிலிருந்து இரண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்கு வருவதற்கான வண்டிச் செலவுக்குப் பொதுவாக யாரும் பணம் தருவதில்லை. போட்டோவில் வராத செலவு அது. அவர் கூட வருகிறவரின் ஒரு நாள் கூலியும் அப்படித்தான். உங்கள் பணத்தை 'இரண்டாவது வருகைக்கு' என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.

எங்கள் ஊரில் முகாம் நடத்த என்ன வேண்டும்?

கோயில் மண்டபம், சபைக் கட்டடம், ஜமாஅத் கூடம், பள்ளிக்கூடம், எதுவானாலும் சரி. மழைக்கு ஒழுகாத கூரை வேண்டும், நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. முதுகு சாய்கிற நாற்காலி பத்து, பூட்டுகிற அறை ஒன்று, தண்ணீர் உள்ள கழிப்பறை, கை கழுவ சோப்பு. மைக் செட்டும் ஃப்ளெக்ஸும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம் ஊரில் ஒருவர் பெயரை எங்களுக்குத் தர வேண்டும். முகாம் முடிந்த இரண்டாவது வாரம் சீட்டு வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் "டாக்டரைப் பார்த்தாச்சா?" என்று கேட்கிற ஆள். ஆசிரியர், அங்கன்வாடி அக்கா, கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி, ஊரில் வீடு வீடாகப் போகக்கூடியவராக இருக்க வேண்டும். அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் நான் தேதி குறிப்பேன்.